முடிச்சில் வைத்த விரல்

தொட்டோமா என்ற கேள்வி பொற்கொடிக்குள் எழுந்தபோது அழகுமணி பாறையில் தரையை விட்டு இரண்டு ஆள் உயரம் ஏறியிருந்தாள். எழுந்தது என்றுகூடச் சொல்ல முடியாது; வெறுங்காலில் ஏறிய நெருஞ்சி முள்ளைப் போல, எப்போது ஏறியது என்று தெரியாமல், அடுத்த அடி வைக்கும்போதுதான் அது இருப்பதே தெரிந்தது. கைகள் பாட்டுக்குத் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. அழகுமணி ஒரு முழம் ஏறினால் கயிறு ஒரு முழம் தளரும். தளர்ந்ததை இடக்கை இழுக்க, இடுப்பில் மாட்டியிருந்த, கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கவ்வியின் வழியே வலக்கை அதை வாங்கிக்கொள்ளும். அந்தக் கயிறு பொற்கொடியின் இடுப்பிலிருந்து புறப்பட்டு, பொதிக்கரடு என்ற அந்தப் பாறையின் உச்சியில் அடித்திருந்த இரும்பு வளையத்துக்குள் நுழைந்து, திரும்பிக் கீழே இறங்கி அழகுமணியின் இடுப்புவாரில் கட்டப்பட்டிருந்தது. கட்டப்பட்டிருந்ததா? அதுதானே கேள்வி. எட்டு முடிச்சை ஒரே மூச்சில் போட முடியாது. முதலில் கயிற்றில் எட்டு என்ற எண்ணைப் போல ஒரு வளைவு. பிறகு நுனியை இடுப்புவாரின் கண்ணுக்குள் நுழைத்து, போன தடத்திலேயே திரும்ப ஓட்டி, இழைகள் இரட்டை இரட்டையாகப் படியும்படி இறுக்க வேண்டும். பாதியில் விட்டாலும் பார்வைக்கு அது முடிச்சாகவே தெரியும். பாரம் விழும்போதுதான் அதன் பொய் வெளிப்படும். ஆகையால்தான், ஏறுகிறவளின் கால் தரையிலிருந்து எழும்புமுன் கயிறு பிடிப்பவள் அந்த முடிச்சில் விரல் வைத்து, இரட்டைகளை எண்ணி, “முடிச்சு சரி” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று அவர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பழகிய வழக்கம். பழகியதுதான் வினையாயிற்று. பழகிய காரியம் எதுவும் நினைவில் தடம் விட்டுப் போவதில்லை. நேற்றுக் காலை பல் துலக்கியது யாருக்கு நினைவிருக்கிறது?

விரல் வைத்தோம். அது உறுதி. கயிற்றின் சொரசொரப்பு ஆட்காட்டி விரலின் நுனியில் இப்போதும் இருக்கிறது. ஆனால் அது இன்றைய சொரசொரப்பா, போன ஞாயிற்றுக்கிழமையினுடையதா? இன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து வரிசைப்படுத்திப் பார்ப்போம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அழகுமணி இடுப்புவாரை மாட்டினாள். கயிற்றின் நுனியை எடுத்து முதல் எட்டைப் போட்டாள். அந்தச் சமயம் பார்த்து அரிசி ஆலை நல்லமணி அய்யா, ஒரு கையில் ஒலிவாங்கியும் மறு கையில் பொன்னாடையுமாக வந்து, “டீச்சர், ஏறுறதுக்கு முன்னாடி ஒரு மரியாதை பண்ணிருவோம்” என்று அழகுமணியின் தோளில் போர்த்தினார். சரிகை போட்ட பச்சைப் பொன்னாடை முழங்கால் வரை தொங்கி, கயிறு, முடிச்சு, இடுப்பு எல்லாவற்றையும் மூடியது. படம் எடுத்தார்கள். “சிரிங்க டீச்சர்” என்றார்கள். சிரித்தாள். இன்னொரு படம். பொன்னாடை விலகியபோது அழகுமணியின் கை கயிற்றில் இருந்தது. கட்டிக்கொண்டிருந்த கையா, கட்டி முடித்த கையா? பிறகு பொற்கொடி அருகில் போய் விரல் வைத்தாள். வைத்தவுடன் பின்னாலிருந்து சட்டையை இழுத்து, “அம்மா, செருப்புக்குள்ள கல்லு” என்றாள் அருவி. மூன்று வயது மகள். குனிந்தாள். சின்னஞ்சிறு செருப்பைக் கழற்றி, உளுந்தளவு கல்லைத் தட்டிவிட்டு, மறுபடி மாட்டி நிமிர்ந்தாள். நிமிர்ந்தபோது அழகுமணி பாறையில் கை வைத்திருந்தாள். எண்ணியது குனிவதற்கு முன்பா, எண்ணவே இல்லையா? “முடிச்சு சரி” என்று சொன்னோமா? சொல்லியிருந்தாலும் ஒலிபெருக்கி போட்ட கூச்சலில் யார் காதில் விழுந்திருக்கும்? செருப்பு நினைவிருக்கிறது. அதன் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது நினைவிருக்கிறது. அந்தக் கல்லின் நிறம்கூட நினைவிருக்கிறது. முடிச்சு மட்டும் நினைவில் இல்லை. ஓர் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு உளுந்தளவு கல்லை நினைவில் வைத்திருக்கும் இந்த மண்டையை எங்கே கொண்டுபோய் முட்டுவது?

“இறுக்குடி பொற்கொடி! வயித்துக்கு முன்னால ஊஞ்சலாட்டம் தொங்குது!” என்று மேலிருந்து அழகுமணி கத்தினாள்.

தன்னையறியாமல் கயிற்றைத் தளர்வாகப் பிடித்திருப்பதைப் பொற்கொடி அப்போதுதான் உணர்ந்தாள். இழுக்கப் போன இடக்கை நின்றது. முடிச்சு பாதிதான் போடப்பட்டிருந்தால், இங்கிருந்து இழுக்கிற ஒவ்வோர் இழுப்பும் அந்த நுனியை அதன் கண்ணிலிருந்து உருவிக்கொண்டல்லவா இருக்கும்? பிடித்துக் காப்பாற்ற வேண்டியவள் பிடித்து இழுத்தே அவிழ்த்துவிட்டாள் என்றால் அந்தப் பாவத்தை எந்த ஆற்றில் கரைப்பது? இழுக்காமல் விட்டாலோ, முடிச்சு சரியாக இருந்தும் அவள் வழுக்கினால், தளர்ந்த கயிற்றின் நீளத்துக்கு விழுந்து பாறையில் முகத்தை உடைத்துக்கொள்வாள். இழுத்தாலும் குற்றம், விட்டாலும் குற்றம். கொஞ்சமாக, நோயாளியின் கையிலிருந்து போர்வையை விலக்குவதுபோல, இழுத்தாள். கயிறு வந்தது. வந்தது தளர்வா, நுனியா? கயிறு சொல்லுமா? கயிற்றுக்கு வாய் இருக்கிறதா?

“ஆகா! ஆகா! பாருங்கய்யா பாருங்க! மேல்நிலைப்பள்ளி விளையாட்டு டீச்சர், ரெண்டு ஆம்பளப் பிள்ளைக்குத் தாய், பல்லி மாதிரி போறாங்க பாருங்க! கையால கயித்தைத் தொட்டா ஆட்டம் செல்லாது! தொடாம உச்சி வளையத்தைத் தட்டினா, நம்ம பிள்ளைகள் வீட்டுக்கு மேக்கூரை முழுசும் நல்லமணி செலவு!” என்று ஒலிபெருக்கி முழங்கியது. மஞ்சுவிரட்டில் ஆண்டாண்டாக ஒலிவாங்கி பிடித்துப் பழகிய குரல் அது. மாட்டுக்கும் மனுஷிக்கும் அதற்கு வேற்றுமை தெரியாது. கோகுலாஷ்டமிக்கு வழுக்குமரம் நடுகிறவரும் அவரே. வழுக்குமரத்தில் அடித்திருக்கும் முளைக்குச்சியைப் பிடித்து ஏறினால் பரிசு இல்லை என்பது ஊர் விதி. கயிறும் அவருக்கு முளைக்குச்சிதான். அது உயிரைக் காக்கக் கட்டியது, ஏறுவதற்குக் கட்டியதல்ல என்று பொற்கொடி எத்தனையோ முறை எடுத்துச் சொன்னாள். “சரிம்மா, காக்கட்டும். ஆனா தொடக் கூடாது. சனம் பாக்குதுல்ல?” என்றார். கெட்ட மனிதரல்லர். வாக்குக் கொடுத்தால் மாறமாட்டார். அதுதான் அவரிடம் இருக்கும் நன்மையும் தொல்லையும். கைவிடப்பட்ட இந்தக் கல்குவாரியின் அடியில் குடியிருக்கும் பெண்கள் விடியலில் சித்தாள் வேலைக்குப் போய்விட, அவர்களுடைய குழந்தைகள் வெட்டுக்குழித் தண்ணீரின் ஓரத்தில் நாள் முழுவதும் விளையாடின. அந்தக் குழந்தைகளுக்கு ஒரு வீடு கட்டலாம் என்று தொடங்கியவர்கள், ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்தச் சுவரில் ஏறிப் பழகவந்த இந்த நாலைந்து பெண்கள்தாம். அடுப்பு ஊதுகிற நேரம் போக, பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லாத நாள் பார்த்து, வீடு வீடாகப் போனார்கள். சுவர் எழுந்தது. கூரைக்கு மட்டும் வழியில்லை. நன்கொடை கேட்கப் போன இடத்திலெல்லாம், “பிள்ளையை யாருகிட்ட விட்டுட்டு வந்தீங்க?” என்ற கேள்விதான் முதலில் வந்தது. பிள்ளையை விட்டுவிட்டு வர ஓர் இடம் வேண்டும் என்றுதானய்யா கேட்க வந்தோம் என்று கத்தத் தோன்றும். கத்தியதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காப்பியைக் குடித்துவிட்டு வந்தார்கள்.

“மதினி!” என்றாள் செண்பகம், பொற்கொடியின் கணவனுடைய தங்கை. அருவியைத் தூக்க முயன்று தோற்றுப்போய், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். “பிள்ள ஒன்னுக்குப் போகணுமாம். என்கிட்ட வரமாட்டேங்குறா. உங்ககிட்டதான் வருவாளாம்.”

“நீயே கூட்டிட்டுப் போ செண்பகம். கையை எடுக்க முடியாது.”

“ஒரு நிமிஷம்தான மதினி? அந்தக் கயித்த அந்த வேப்ப மரத்துல கட்டிட்டு வாங்களேன்.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மரத்தில் கட்டுவதாம். கட்டலாம். மரத்துக்குப் பிள்ளை இல்லை, செருப்பில் கல் இல்லை, மரம் சந்தேகப்படாது. “அம்மா வா” என்று அருவி முனகினாள். அந்த முனகல் காதில் விழவில்லை, மார்பில் விழுந்தது. பால் நிறுத்தி ஒரு மாதம் ஆகியும் மார்பு இன்னும் அந்தக் குரலுக்குக் கடுக்கிறது. திரும்பாதே. கண் கயிற்றில் இருக்கட்டும். திரும்பினால் அழுவாள். திரும்பாவிட்டாலும் அழுவாள். அழுதாள். இழுத்துக்கொண்டு போன செண்பகத்தின் முணுமுணுப்பில் “பெத்தவளுக்கே” என்ற ஒரு சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. மீதியைக் கேட்க வேண்டியதில்லை. அந்த வாக்கியத்தை ஊரே முடித்துக்கொடுக்கும்.

உண்மையில் இந்தப் பாதை பொற்கொடியினுடையது. ஒரு வாய்க்கால்போல வலப்பக்கம் சாய்ந்து ஏறும் அந்த வெடிப்பைக் கண்டுபிடித்தவள் அவள். கருவுற்றது தெரியுமுன் பாதிவரை ஏறியிருந்தாள். அந்தப் பாதியில் ஒருத்தி இரண்டு கால்களையும் ஊன்றி மூச்சு வாங்கிக்கொள்ளும்படி ஒரு திட்டு உண்டு. அதற்கு ‘மடி’ என்று பெயர் வைத்தாள். மடிக்கு மேலே பாறை வெளியே பிதுங்கி நிற்கும்; அது ‘தொப்பை’. தொப்பையைத் தாண்டிவிட்டால் உச்சி. வயிறு பெருத்த மாதங்களில் கீழே நின்று அந்தத் தொப்பையைப் பார்த்துக்கொண்டு, நீயும் நானும் ஒன்று என்று சிரித்திருக்கிறாள். பிள்ளை பிறந்து, அடிவயிற்றுத் தையல் ஆறி, கைக்குப் பழைய வலு வருவதற்குள் ஒரு யுகம் ஆயிற்று. வந்துவிட்டது. போன மாதம் யாரும் பார்க்காதபோது தொப்பையைத் தாண்டி உச்சியைத் தொட்டாள். இன்றைக்கு ஏற வேண்டியவள் அவள்தான். ஆனால் அம்மா பாறையில் தொங்குவதைப் பார்த்தால் அருவி வீறிட்டு அழுவாள். கூட்டம் உச்சுக் கொட்டும். நல்லமணி அய்யா ஒலிவாங்கியிலேயே தாய்ப்பாசம் பேசுவார். “நீயே ஏறு அழகு” என்று விட்டுக்கொடுத்தாள். விட்டுக்கொடுத்தாளா? அங்கேதான் முள் ஆழமாகப் போயிற்று. இந்தச் சந்தேகம் உண்மையிலேயே முடிச்சைப் பற்றியதுதானா? அவள் ஏறக் கூடாது, என் பாதையில் என் முறை வருமுன் அவள் கை படக் கூடாது என்று உள்ளே ஏதோ ஒன்று மூலையில் உட்கார்ந்து முடிச்சைச் சாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறதா? நிறுத்து என்று கத்தினால் நிறுத்தியது அச்சமா, பொறாமையா? யார் பிரித்துச் சொல்வார்? பாலில் விழுந்த தண்ணீரைப் பிரிக்க அன்னம் வேண்டும். அவளிடம் இருப்பது இந்தக் காக்கை மனம்.

சந்தேகம் அவளுக்குப் புதிதன்று. அருவி பிறந்ததிலிருந்து அது கூடவே குடியிருக்கிறது. பேருந்தில் ஏறிய பிறகு, அடுப்பை அணைத்தோமா. பாதித் தூரம் போன பிறகு, கதவைப் பூட்டினோமா. வேலை செய்யும் மருந்துக்கடையில் ஒருநாள் ஒரு பெரியவருக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டு, மாற்றிக் கொடுத்துவிட்டோமோ என்று வெயிலில் தெருமுனை வரை செருப்பில்லாமல் ஓடினாள். சரியான மாத்திரைதான். “என்ன தாயி, நான் செத்துருவேன்னு பயந்துட்டியா?” என்று பெரியவர் பொக்கை வாயால் சிரித்தார். கடை முதலாளி ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தார். அடுப்பு எப்போதும் அணைந்தே இருந்திருக்கிறது. கதவு எப்போதும் பூட்டியே இருந்திருக்கிறது. இதுவும் அப்படித்தான். அழகுமணி நேற்றுப் பிறந்தவளா? தன் முடிச்சைத் தான் போடாமலா ஏறுவாள்? ஆனால் அவள் என்ன நினைத்திருப்பாள்? பொற்கொடி பார்த்துவிட்டாள் என்று நினைத்திருப்பாள். பொற்கொடியோ, அழகுமணி போட்டிருப்பாள் என்று நினைக்கிறாள். இரண்டு நம்பிக்கைகளுக்கும் நடுவே ஒரு முடிச்சு அநாதையாகக் கிடக்கிறது.

அழகுமணி மடியில் வந்து நின்றாள். ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சுண்ணப்பொடிப் பைக்குள் விட்டு எடுத்து ஊதினாள். தொளதொளத்த மேற்சட்டை காற்றில் புடைத்து இடுப்பை மறைத்தது. சட்டை கொஞ்சம் விலகினால் போதும், விலகவில்லை. இப்போது சொல்லலாம். இங்கே நின்றபடி ஒரு கையால் முடிச்சைத் தடவிப் பார்க்க முடியும். ஆனால் தடவினால் தொட்டதாகும். தொட்டால் கூரை போயிற்று. காத்திருக்கலாம். உச்சி வளையத்தைத் தட்டியவுடன், கயிற்றில் சாய்வதற்கு முன், பார் என்று கத்தலாம். கூரையும் நிற்கும், அவளும் நிற்பாள். இடையில் இருப்பது தொப்பை மட்டும்தான். தொப்பையில் அழகுமணி வழுக்காமல் போனதும் உண்டு, வழுக்கியதும் உண்டு. போன ஞாயிறு போனாள். அதற்கு முந்திய ஞாயிறு வழுக்கி, கயிற்றில் தொங்கி, “எங்க மாமியார் பிடிச்சுத் தள்ளிருச்சுடி” என்று சிரித்தாள். இன்றைக்கு எந்த ஞாயிறு? மழைக்காலம் வருகிறது. கூரையில்லாத சுவருக்குள் குழந்தைகள் நனையும். நனையட்டும் என்று எப்படிச் சொல்வது? அழகுமணியின் இளையவன் இன்னும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவானாம். அவன் எதைப் பிடித்துக்கொண்டு தூங்குவான்? அழகுமணியின் வலக்கை தொப்பையின் விளிம்பைத் தேடி மேலே போயிற்று. சொல். சொல், பொறாமையாகவே இருந்தாலும் சொல்.

“அழகு! நில்லு! முடிச்சைப் பாரு!”

மேலே போன கை நின்றது.

“என்னது?”

“முடிச்சு! கையை வச்சுப் பாரு! நான் பார்த்தேனா இல்லையான்னு எனக்கு நெனவில்ல!”

“ஏம்மா, ஏம்மா, தொடச் சொல்லாதம்மா!” என்று ஒலிபெருக்கி அலறியது. “டீச்சர், தொடாதீங்க! இன்னும் ரெண்டு எட்டுத்தான்!”

அழகுமணி கீழே பார்த்தாள். அத்தனை உயரத்திலும் அவள் முகத்தில் கோபம் எழுதி ஒட்டியதுபோலத் தெரிந்தது. பிறகு இடக்கையால் பாறையைப் பற்றிக்கொண்டு, வலக்கையைச் சட்டைக்குள் விட்டாள். முழங்கை அசைந்தது. அசைந்துகொண்டே இருந்தது.

“முழுசா இருக்கு!” என்றாள் அழகுமணி. சொல்லைக் கல்லெறிவதுபோல எறிந்தாள். “இறுக்கு.”

பொற்கொடி இறுக்கினாள். “தொட்டாச்சு, தொட்டாச்சு. செல்லாது. மாடு நழுவிப் போச்சு” என்று நல்லமணி அய்யா உண்மையான வருத்தத்தோடு அறிவித்தார். அழகுமணி யாருக்காகவும் இல்லாமல், தொப்பையை வழுக்காமல் தாண்டி, உச்சி வளையத்தைத் தட்டினாள். இரும்பு ‘ணங்’ என்றது. யாரும் கை தட்டவில்லை. வழுக்கவே இல்லை. காத்திருந்திருக்கலாம். அடுப்பு அணைந்தே இருந்தது. கதவு பூட்டியே இருந்தது. மாத்திரை சரியான மாத்திரையே. கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அவளைக் கீழே இறக்கும்போது, ஒரு கூரையை ஓடு ஓடாகக் கழற்றித் தரையில் அடுக்குவதுபோல இருந்தது பொற்கொடிக்கு.

நல்லமணி அய்யா அருகில் வந்தார். “வாக்குன்னா வாக்குத்தாம்மா. சனம் பாத்திருச்சு. நான் என்ன செய்யட்டும்?” என்றார். சங்கடத்தோடு ஒலிபெருக்கிக்காரனைக் கம்பியைச் சுருட்டச் சொல்லிவிட்டு, வேப்ப மரத்தடியில் வண்டிக்காக நின்றார். கூட்டம் கலைந்தது. “பொம்பளைங்க ஒருத்திய ஒருத்தி மேல ஏற விடுவாளுகளா?” என்று யாரோ போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

அழகுமணி முடிச்சை அவிழ்க்கவில்லை. “நீயே அவுரு” என்றாள்.

பொற்கொடி சட்டையை விலக்கினாள். இரட்டை இரட்டையாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், எட்டு முழுமையாக இருந்தது. அதோடு, மிஞ்சிய நுனி இரட்டை இழைகளுக்கடியில் இடப்பக்கமாக மடக்கிச் செருகப்பட்டிருந்தது. அழகுமணி நுனியைச் செருகுவதே இல்லை, வாலாட்டம் தொங்கவிடுவாள். அப்படிச் செருகுகிறவள் பொற்கொடி ஒருத்திதான்.

“நீதான்டி சொருகுன” என்றாள் அழகுமணி. “உன் மக சட்டையப் பிடிச்சு இழுக்குறா, நீ அவளைப் பார்த்துக்கிட்டே விரலால எண்ணி, சொருகிட்டு, அப்புறம்தான் குனிஞ்ச. நான் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன்.”

பொற்கொடி தன் விரல்களைப் பார்த்தாள். மூன்று ஆண்டுகளாக இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் குழம்பைக் கிளறி, ஒற்றைக் கையால் மாத்திரை எண்ணி, மனம் எங்கோ இருக்கத் தம் பாட்டில் வேலையை முடித்துவிட்டு அவளிடம் ஒரு சொல்கூடச் சொல்லாமல் ஓய்ந்துவிடும் விரல்கள். சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அவளுக்குத் தன் கையையே அறைய வேண்டும்போல் இருந்தது. அந்தக் கையாலேயே முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைக் கீழே விட்டாள்.

“பொறாமையா இருந்திருக்குமோன்னு எனக்கே தெரியல, அழகு.”

“இருந்திருக்கும். எனக்கா தெரியாது? உன் பாதைதான?” அழகுமணி மூக்கை உறிஞ்சினாள். “மறுபடி இப்படி ஒரு சந்தேகம் வந்தா என்ன செய்வ?”

“கத்துவேன்.”

“கூரை போனாலும்?”

“போனாலும் கத்துவேன்.”

அழகுமணி குனிந்து கயிற்றின் நுனியை எடுத்து அவள் கையில் திணித்தாள். “அப்ப கட்டு. மைக் இல்ல, மாலை இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஏறு. நான் பிடிக்கிறேன்.”

பொற்கொடி கட்டினாள். முதல் எட்டு. நுனி கண்ணுக்குள். திரும்பும் தடம். அழகுமணி விரல் வைத்து எண்ணத் தொடங்கியபோது, பின்னால் சின்னக் காலடி கேட்டது. யாரோ கொடுத்த பச்சைப் பொன்னாடையைத் தரையில் இழுத்துக்கொண்டு, கண்ணீர் காய்ந்த முகத்தோடு அருவி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, இந்தச் செருப்புலயும் கல்லு.”

பொற்கொடி குனியவில்லை. திரும்பவும் இல்லை. கண் அழகுமணியின் விரலில் இருந்தது. விரல் ஓர் இரட்டையிலிருந்து அடுத்த இரட்டைக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

“இரு” என்றாள்.

அருவி உதட்டைப் பிதுக்கினாள். அழப்போகிறாள் என்று பொற்கொடிக்குத் தெரிந்தது. விரல் கடைசி இழைக்கு வந்தது.

“முடிச்சு சரி” என்றாள் அழகுமணி.

குழந்தை, ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, இருந்தது.